காணிக்குள் ஆமி இருந்தால் காணி யாருடையது?

காணி ஆலோசனைக்கு வரும் வயதானவர்கள் பெரும்பாலும் "ஆமி எடுத்த காணி தம்பி, இனி என்ன செய்யலாம்?" என்றுதான் தொடங்குவார்கள். கனடாவிலிருந்தும் லண்டனிலிருந்தும் விடுமுறைக்கு வரும் பிள்ளைகளின் கதை வேறு. "உறுதி அப்பான்ர பேரில இருக்கு. அது காணும்தானே?" என்பார்கள். இரண்டு பேச்சையும் கேட்டுக் கேட்டுத்தான் இதை எழுத உட்கார்ந்தேன். பெரியவர்கள் இன்னும் நடக்காத இழப்பை நடந்ததாக ஏற்றுக்கொண்டுவிட்டார்கள். பிள்ளைகளோ பெட்டிக்குள் இருக்கும் ஒரு தாள் தானாகவே காணியைக் காத்துக்கொள்ளும் என்று நம்புகிறார்கள்.

இராணுவம் ஒரு காணியில் இருப்பது ஒன்று. அந்தக் காணியை அரசு சட்டப்படி சுவீகரிப்பது வேறொன்று. வலிகாமம் வடக்குச் சனம் 1990 ஜூனில் இடம்பெயர்ந்தபோது எவருடைய உறுதியும் ரத்தாகவில்லை. பலாலி, மயிலிட்டி, காங்கேசன்துறை எல்லாம் உயர் பாதுகாப்பு வலயத்துக்குள் போயின. போர்க்காலத்தில் அதற்கு முட்டுக்கொடுத்தவை பெரும்பாலும் அவசரகால விதிகள். கிழக்கில் சம்பூர் வலயம் 2007இல் வர்த்தமானியில் வந்ததும் அந்த விதிகளின் கீழ்தான். 2011 ஆகஸ்டில் அவசரகால நிலை முடிவுக்கு வந்தது. விதிகள் போயின, முகாம்கள் போகவில்லை.

அடுத்து வந்ததை ஒவ்வொரு காணிக்காரரும் நினைவில் வைத்திருக்க வேண்டும். 2013 ஏப்ரலில் வலிகாமம் வடக்கில் 6,381 ஏக்கர் காணி இராணுவத் தேவைக்கு வேண்டும் என்று காணி எடுத்தற் சட்டத்தின் கீழ் அறிவித்தல்கள் ஒட்டப்பட்டன. உரிமையாளர்களைக் கண்டுபிடிக்க முடியவில்லை என்றும் அவற்றில் இருந்தது. அந்த உரிமையாளர்களில் பலர் சில மைல் தொலைவில், மல்லாகம், சுன்னாகம் பக்கத்து நலன்புரி முகாம்களில் அரசாங்கத்தின் பதிவேட்டிலேயே இருந்தவர்கள். ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் மேன்முறையீட்டு நீதிமன்றத்துக்குப் போனார்கள். அதன்பின் அந்தப் பகுதியில் காணிகள் கட்டங்கட்டமாக விடுவிக்கப்பட்டன. மயிலிட்டித் துறைமுகப் பக்கம் 2017 ஜூலையில் திறந்தது.

அந்த அறிவித்தலைக் கண்டு பலரும் "எல்லாம் போச்சு" என்று தலையில் கை வைத்தார்கள். எனக்கு அது வேறு மாதிரித் தெரிந்தது. தனக்குச் சொந்தமான காணியை எந்த அரசும் சுவீகரிக்க வேண்டியதில்லை. சுவீகரிக்க அறிவித்தல் ஒட்டினால், இது தனியார் காணி என்று அரசே எழுதித் தந்தாயிற்று. அந்தத் தாளைப் படம் எடுத்து, ஒட்டப்பட்ட இடத்தையும் திகதியையும் குறித்து வைத்திருங்கள். நாளைக்கு யாராவது "இது அரச காணி" என்று வாதாடினால் அது பேசும்.

ஆகவே உங்கள் முதல் வேலை, காணியில் படை நிற்பது எந்தச் சட்டத்தின் கீழ் என்று எழுத்தில் கேட்பது. கேட்க வேண்டிய இடம் முகாம் வாசல் அல்ல. அங்கே நிற்கும் சிப்பாய்க்கு அது தெரியாது, தெரிந்தாலும் சொல்ல அவருக்கு அதிகாரம் இல்லை. பிரதேச செயலாளருக்கு எழுதுங்கள். 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் கையில் இருக்கிறது. விண்ணப்பம் கிடைத்து 14 வேலை நாட்களுக்குள் அவர்கள் ஒரு முடிவு சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் குறித்தளிக்கப்பட்ட அதிகாரிக்கு மேன்முறையீடு, அதற்கும் மேலே ஆணைக்குழு.

கேள்வியை எப்படி எழுதுகிறீர்கள் என்பதில்தான் பாதி வெற்றி. முகாமில் எத்தனை பேர், என்ன கட்டடம் என்று கேட்டால் தேசிய பாதுகாப்பு என்று ஒரு வரியில் திருப்பி அனுப்பிவிடுவார்கள், சட்டத்தில் அதற்கு இடமும் உண்டு. உங்கள் காணியைப் பற்றிக் கேளுங்கள். இன்ன கிராம அலுவலர் பிரிவில், இன்ன பெயருள்ள, இத்தனை பரப்புக் காணி தொடர்பாகக் காணி எடுத்தற் சட்டத்தின் 2ஆம் பிரிவு அறிவித்தல் வெளியிடப்பட்டதா? 5ஆம் பிரிவுப் பிரகடனம் வந்ததா? 38ஆம் பிரிவுக் கட்டளை உண்டா? இருந்தால் வர்த்தமானி இலக்கம், திகதி, வரைபடப் பிரதி தேவை. "இல்லை" என்று பதில் வந்தால் அதைவிடப் பெறுமதியான கடிதம் உங்களிடம் இருக்கப்போவதில்லை.

இந்தப் பிரிவுகளைத் தெரிந்துகொள்வது வழக்கறிஞரின் வேலை என்று விட்டுவிடாதீர்கள். 1950ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கக் காணி எடுத்தற் சட்டம் ஒரு ஒழுங்கில் போகிறது. 2ஆம் பிரிவு வெறும் தொடக்கம்தான். இந்தப் பகுதியில் பொதுத் தேவைக்குக் காணி வேண்டும் என்று அறிவித்தலை ஒட்டிவிட்டு, அளக்கவும் ஆராயவும் அதிகாரிகள் உள்ளே வரலாம். அது ஒட்டப்பட்டதனால் உங்கள் உரிமை ஒரு அங்குலமும் நகர்வதில்லை. 4ஆம் பிரிவில்தான் குறித்த காணியைச் சொல்லி ஆட்சேபனை கேட்கிறார்கள், அதற்குக் குறைந்தது 14 நாள் தர வேண்டும். 5ஆம் பிரிவில் அமைச்சர் பிரகடனம் செய்தால் கதை இறுகத் தொடங்கும். 7ஆம் பிரிவில் உரிமை கோருவோரை அழைப்பார்கள், 9இல் விசாரணை, 17இல் இழப்பீட்டுத் தீர்ப்பு. 38ஆம் பிரிவுக் கட்டளையோடுதான் காணி அரசுக்குப் போகிறது.

இதற்குள் ஒரு குறுக்கு வழி இருக்கிறது. அவசரம் என்று சொல்லி, 2ஆம் பிரிவு அறிவித்தலுக்குப் பின் மற்றப் படிகளுக்குக் காத்திராமலே 38ஆம் பிரிவின் காப்புவாசகத்தைப் பிடித்து உடனடியாக உடைமை எடுக்கலாம். படைத்தரப்புத் தேவை என்றால் நீங்கள் பயப்பட வேண்டியது இதற்குத்தான். ஆனால் பல வருடங்களாக ஏற்கெனவே உள்ளே இருந்துகொண்டு திடீரென்று "அவசரம்" என்றால், என்ன அவசரம் என்று நீதிமன்றத்தில் கேட்கலாம், கேட்க வேண்டும்.

ஆட்சேபனை எழுதும்போது "இது எங்கள் பரம்பரைக் காணி, விட்டுத்தர மாட்டோம்" என்று மட்டும் எழுதிவிட்டு வருபவர்கள் அதிகம். மனம் அப்படித்தான் சொல்லும், ஆனால் அது போதாது. பொதுத் தேவை என்ன என்று கேளுங்கள். மனெல் பெர்னாண்டோ வழக்கில் 2000ஆம் ஆண்டுக்கு முன்பின்னாக உயர் நீதிமன்றம் இதைத் தெளிவாகச் சொல்லியிருக்கிறது. நீதியரசர் மார்க் பெர்னாண்டோ எழுதிய அந்தத் தீர்ப்பின்படி, தொடக்க அறிவித்தலிலேயே தேவை என்ன என்று வெளிப்படுத்த வேண்டும். நோக்கம் தெரியாதவர் எதை ஆட்சேபிப்பார்? தேவை குறிப்பிடப்பட்டிருந்தால் அடுத்த கேள்வி அந்தத் தேவைக்கு உங்கள் காணிதான் வேண்டுமா என்பது. பக்கத்தில் அரச காணி இருந்தால் அதன் விபரத்தைத் தேடி எழுதுங்கள். காணியில் இப்போது உண்மையில் நடப்பது மரக்கறிச் செய்கையா, விடுதியா என்பதையும் எழுதுங்கள். காங்கேசன்துறையில் இராணுவம் நடத்தும் தல்செவன விடுதி உல்லாசப் பயணிகளுக்குத் தெரிந்த இடம்தான். பாதுகாப்புத் தேவை என்று ஒரு கையால் எழுதிவிட்டு மறு கையால் தோட்டம் செய்தால், அந்த முரண் உங்கள் ஆட்சேபனையில் இருக்க வேண்டும்.

ஆட்சேபனை மறுக்கப்பட்டாலும் 7ஆம், 9ஆம் பிரிவு விசாரணைக்குப் போகாமல் இருக்கக் கூடாது. "போனால் சம்மதித்த மாதிரி ஆகிவிடும்" என்ற பேச்சு ஊரில் உலாவுகிறது, அதை நம்பாதீர்கள். சுவீகரிப்பை எதிர்க்கிறேன், என் உரிமைக்குப் பாதகமின்றி இந்தக் கோரிக்கையை முன்வைக்கிறேன் என்று எழுதிக் கொடுத்து, முத்திரை குத்திய பிரதி வாங்கி வாருங்கள். வராதவருடைய பங்கு யாருடையதென்று தெரியாத பங்காகத்தான் பதியப்படும்.

இழப்பீட்டுப் பணம் பற்றி ஒரு எச்சரிக்கை. காணி திரும்பி வர வேண்டும் என்று இன்னும் நினைக்கிறீர்கள் என்றால், காசோலையில் கை வைக்க முன் இரண்டு தரம் யோசியுங்கள். 38ஆம் பிரிவுக் கட்டளையால் அரசுக்குப் போன காணியையும் 39அ பிரிவின் கீழ் அமைச்சர் திருப்பித் தரலாம். அதற்கு நிபந்தனைகள் உண்டு. காணி பொதுத் தேவைக்குப் பயன்படுத்தப்படாமல் இருக்க வேண்டும், அதில் அபிவிருத்தி எதுவும் நடந்திருக்கக் கூடாது, திரும்ப ஏற்க உரியவர் எழுத்தில் சம்மதிக்க வேண்டும், இழப்பீடு கொடுபட்டிருக்கக் கூடாது. கடைசி நிபந்தனைதான் பலரை விழுத்துகிறது. மகளின் கலியாணச் செலவுக்கு என்று ஒரு தொகையை வாங்கிவிட்டு, சில வருடம் கழித்து "காணியை விடுகினமாம், எங்களுக்கும் வருமோ?" என்று கேட்டு வருகிறார்கள். பணம் வேண்டாம் என்று நான் யாருக்கும் சொல்வதில்லை. எண்பது வயதில் ஒருவருக்குக் காணியைவிடப் பணம் தேவைப்படலாம், அது அவருடைய தீர்மானம். எதை விட்டுக்கொடுத்து வாங்குகிறோம் என்று தெரிந்து வாங்குங்கள் என்பதுதான் என் பேச்சு.

இனி உறுதிப் பெட்டி. இடம்பெயர்வில் தொலைந்த உறுதிக்காக அழுபவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். நொத்தாரிசு எழுதும் ஒவ்வொரு உறுதிக்கும் உங்களிடம் இருக்கும் தாள் மட்டும் சாட்சி அல்ல. இரண்டாம் பிரதி காணிப் பதிவகத்துக்குப் போயிருக்கும், மூலக் கையெழுத்துப் படி நொத்தாரிசின் கோவையில் இருந்திருக்கும். உறுதி இலக்கம், நொத்தாரிசின் பெயர், திகதி இவற்றில் ஏதாவது தெரிந்தால் காணிப் பதிவகத்தில் உறுதிப்படுத்திய பிரதி எடுக்கலாம். எதுவும் தெரியாவிட்டால் பக்கத்துக் காணிக்காரரின் உறுதியைப் பாருங்கள். எல்லைகளில் "வடக்கு இன்னாருடைய காணி" என்று உங்கள் தகப்பனார் பெயரோ பேரனார் பெயரோ இருக்கும். ஒருவருடைய உறுதி இன்னொருவருடைய உரிமைக்குச் சாட்சி சொல்வது யாழ்ப்பாணத்தில் சாதாரணம்.

பதிவேட்டைத் தேடுவித்து, காணியின் பக்கத்தில் கடைசியாக என்ன பதிவாகியிருக்கிறது என்று பாருங்கள். நீங்கள் அறியாத ஒரு கொடுக்கல் வாங்கல் அதில் ஏறியிருந்தால் அதை அறியும் நாள் இன்றைக்காக இருக்கட்டும். சோலைவரிப் பற்றுச்சீட்டு, பழைய மின்கட்டணத் தாள், வாக்காளர் பட்டியல், பிள்ளைகளின் பள்ளிக்கூட அனுமதி விலாசம், இடம்பெயர்ந்தோர் பதிவு அட்டை எல்லாவற்றையும் ஒரு கோவையில் போடுங்கள். தனித்தனியாக அவற்றுக்குப் பலம் குறைவு, சேர்ந்தால் நீதிமன்றம் கவனிக்கும்.

அளவை விடயத்திலும் கவனம். பழைய உறுதிகள் ஏக்கர் பேசுவதில்லை, பரப்புத்தான் பேசும். தோட்டக் காணிக்கு வரகு விதைப்புக் கணக்கு, 16 பரப்பு ஒரு ஏக்கர். வயலுக்கு நெல் விதைப்புக் கணக்கு, 24 பரப்பு ஒரு ஏக்கர். இதை மாறிப் போட்டு விண்ணப்பம் கொடுத்தால் வரைபடத்தோடு பொருந்தாது, பொருந்தாத விண்ணப்பம் மேசையின் அடியில் போய்விடும். வேலியும் கிணறும் புல்டோசரால் அழிந்த இடங்களில் எல்லை காட்ட ஊர்ப் பெரியவர்கள்தான் மிச்சம். அவர்களைக் கூட்டிக்கொண்டு போய் அனுமதிபெற்ற நில அளவையாளர் ஒருவரிடம் குறிப்பெழுதுவியுங்கள், சத்தியக் கடதாசியும் எடுங்கள். உள்ளே போக முடியாத காணிக்கு நில அளவைத் திணைக்களத்தின் பழைய வான்படங்கள் துணை செய்யும். பங்குக் கிணறும் வழிவாய்க்காலும் உறுதியில் இருந்தால் அவற்றையும் மறக்காமல் கோருங்கள். கிணறு இல்லாத தோட்டக் காணியை வைத்து என்ன செய்வது?

அனுமதிப்பத்திரக் காணிக்காரரின் நிலை வேறு. கேப்பாப்பிலவிலும் வன்னியின் குடியேற்றத் திட்டங்களிலும் பலரிடம் இருப்பது தனியார் உறுதி அல்ல, 1935ஆம் ஆண்டுக் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழான அனுமதிப்பத்திரமோ அளிப்புப் பத்திரமோ. நிலத்தின் இறுதி உரிமை அரசிடம் என்பதால் இவர்களை நகர்த்துவது அதிகாரிகளுக்குச் சுலபம். இங்கே பலம் இரண்டில் இருக்கிறது. ஒன்று, அனுமதிப்பத்திரம் முறைப்படி ரத்துச் செய்யப்படவில்லை என்பது. மற்றது பின்னுரித்தாளர் நியமனம். அனுமதிப்பத்திரக்காரர் இறந்துபோய், யாரையும் நியமிக்காமல் விட்டிருந்தால் பிரதேச செயலகத்தின் காணிப் பிரிவில் உடனே அதைச் சரிசெய்யப் பாருங்கள். ஆள் இல்லாத அனுமதிப்பத்திரம் ரத்தாகும் அனுமதிப்பத்திரம்.

தனியார் காணியிலும் இறந்தவர் பெயரில் கிடக்கும் உறுதிகள்தான் எனக்குப் பெரிய தலையிடி. தகப்பன் 1996இல் மோசம் போனார், தாய் 2008இல், பிள்ளைகள் ஐந்து பேர் நான்கு நாட்டில். காணி விடுவிக்கப்படும் என்று அறிவித்தால் ஒருவர் பெயரில் விண்ணப்பம் போகிறது, மற்ற நால்வர் வாட்ஸ்அப்பில் சண்டை பிடிக்கிறார்கள். அதைப் பார்த்துக்கொண்டிருக்கும் அதிகாரிக்கு கோவையை மூடி வைக்க நல்ல காரணம் கிடைத்துவிடுகிறது. தேசவழமைப்படி எது முதுசம், எது சீதனம், எது தேடிய தேட்டம் என்று பார்த்து பங்குகளை முதலே முடிவு செய்யுங்கள். வெளிநாட்டுப் பிரஜாவுரிமை எடுத்துவிட்டோமே என்று பயப்பட வேண்டாம். 2014இல் வந்த காணிக் கட்டுப்பாட்டுச் சட்டம் வெளிநாட்டவருக்குக் காணி கைமாறுவதைத் தடுக்கிறது, ஆனால் மரணத்தின் பின் வாரிசாக வரும் காணிக்கு அது குறுக்கே நிற்பதில்லை. ஊரில் இருக்கும் ஒருவருக்கு அற்றோணித் தத்துவம் கொடுப்பதானால் இலங்கைத் தூதரகத்தில் செய்து இங்கே பதிவு செய்யுங்கள். விற்கும் அதிகாரத்தைச் சேர்க்காதீர்கள். கோவை பார்க்க, விண்ணப்பிக்க, விசாரணைக்குத் தோன்ற, காணியைப் பொறுப்பேற்க என்று வேலையைச் சொல்லி எழுதினால் போதும்.

ஆமிக்கு மட்டும் பயந்தவர்கள் சொந்தக்காரரைக் கவனிக்க மறந்துவிடுகிறார்கள். 1871ஆம் ஆண்டுக் காலவரையறைக் கட்டளைச் சட்டப்படி பத்து வருடம் தடையின்றி, உரிமையாளருக்கு எதிராக ஆண்டு அனுபவித்தவர் ஆட்சியுரிமை கோரலாம். போரால் வர முடியாமல் போனவர்களுக்காக 2016இல் 5ஆம் இலக்க விசேட ஏற்பாடுகள் சட்டம் வந்தது. அது கணக்கில் எடுக்காமல் விடுவது 1983 மே 1 தொடக்கம் 2009 மே 18 வரையான காலத்தை. 2009க்குப் பிந்திய வருடங்களுக்கு அது துணை வராது. விடுவிக்கப்பட்ட காணியில் வேறு யாராவது குடியிருந்தால், "எங்கட ஆக்கள்தானே" என்று விட்டுவிடாமல் வாடகையோ அனுமதியோ எழுத்தில் போடுங்கள்.

நீதிமன்றம் போவதென்றால் நாட்காட்டி முக்கியம். அடிப்படை உரிமை மனுவுக்கு மீறல் நடந்ததிலிருந்து ஒரு மாதம்தான். இலங்கை அரசியலமைப்பில் சொத்துரிமை தனி அடிப்படை உரிமையாக இல்லை என்பதால், சமத்துவ உரிமையின் வழியாகத்தான் பெரும்பாலும் வழக்கைக் கட்ட வேண்டும். அந்த ஒரு மாதத்துக்குள் மனித உரிமைகள் ஆணைக்குழுவில் முறைப்பாடு கொடுத்து விசாரணை நடந்துகொண்டிருந்தால் அந்தக் காலம் கணக்கில் சேராது. விசாரணை உண்மையில் நடப்பதற்குச் சான்று வேண்டும், வெறும் பற்றுச்சீட்டு போதாது. மேன்முறையீட்டு நீதிமன்றத்தில் பேராணை மனுவுக்கு இப்படியான கண்டிப்பான எல்லை இல்லை, ஆனாலும் தாமதம் உங்களுக்கு எதிராகவே பேசும்.

2025 மார்ச் 28இல் வெளிவந்த 2430ஆம் இலக்க வர்த்தமானி, நாட்காட்டியைப் பார்க்காமல் இருந்தால் என்ன ஆகும் என்பதற்கு நல்ல உதாரணம். காணி நிர்ணயக் கட்டளைச் சட்டத்தின் கீழ் வட மாகாணத்தில் 5,940 ஏக்கர் வரை குறிப்பிட்டு, மூன்று மாதத்துக்குள் உரிமை கோராவிட்டால் அரச காணியாகிவிடும் என்றது. அதில் ஆமியும் இல்லை, சுவீகரிப்பும் இல்லை, இழப்பீடும் இல்லை. பேசாமல் இருப்பவர் காணியை இழப்பார், அவ்வளவுதான். எதிர்ப்பும் வழக்கும் வந்து, ஜூன் இறுதியில் உயர் நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்தது. அந்த மூன்று மாதத்தில் வெளிநாட்டிலிருந்த எத்தனை பேருக்கு விடயம் தெரிந்திருக்கும்? வர்த்தமானி இணையத்தில் வருகிறது. குடும்பத்தில் ஒருவர் மாதம் ஒருமுறையாவது அதைப் பார்க்கும் பொறுப்பை எடுக்க வேண்டும்.

கையொப்பம் பற்றிச் சுருக்கமாக. வடக்கு கிழக்கில் நிர்வாக மொழி தமிழ், அரசியலமைப்பே அப்படிச் சொல்கிறது. சிங்களத்தில் மட்டும் உள்ள படிவத்தில், இடைவெளி நிரப்பாத தாளில், "விருப்பத்துடன் வழங்குகிறேன்" என்ற வரிக்குக் கீழே கையொப்பம் வைக்காதீர்கள். விதானையார் தெரிந்தவர், நல்லவர் என்றாலும் பரவாயில்லை. "தமிழில தாங்கோ ஐயா, வீட்டில காட்டிப்போட்டுத் தாறன்" என்று சொல்வதில் மரியாதைக் குறைவு ஒன்றுமில்லை.

காணி விடுவிக்கப்படும் நாளில் மாலையும் கமராவுமாக ஒரு நிகழ்வு நடக்கும். அதற்குப் போங்கள், ஆனால் வேலியடைக்க அன்றைக்கே இறங்காதீர்கள். விடுவிப்புப் பத்திரத்தில் உங்கள் துண்டின் இலக்கம் இருக்கிறதா, முழுக் காணியுமா அல்லது முள்ளுக்கம்பிக்கு அப்பால் ஒரு பகுதி மிச்சமா என்று பாருங்கள். மிச்சமிருந்தால் "பகுதி மட்டும் கிடைத்தது" என்று எழுதித்தான் ஒப்பமிட வேண்டும். கிணற்றையும் இடிந்த வீட்டையும் மரங்களையும் படம் எடுங்கள். நட்டஈட்டு விண்ணப்பத்துக்கு அவை வேண்டும். பிரதேச செயலகத்தில் அந்தத் துண்டுக்கு மிதிவெடி அகற்றிய சான்று உண்டா என்று கேளுங்கள். சான்று காட்டும்வரை பற்றைக்கு நெருப்பு வைக்கவோ, ஜேசிபி இறக்கவோ, பிள்ளைகளைப் பழைய கிணற்றடிக்கு விடவோ வேண்டாம்.